பிராட்லா மறுத்தாரா, மறுக்கப்பட்டாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பதவியேற்பு உறுதிமொழி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் பிராட்லாவைக் கடவுள் பெயரால் ஆணையிட மறுத்த நாத்திகர் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அது பாதி உண்மைதான். 1880-இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்று வந்த அவர், கடவுள் பெயரால் எடுக்கும் ஆணைக்குப் பதிலாக, கடவுளைக் குறிப்பிடாமல் உறுதி கூற அனுமதி கேட்டார்; அதற்கு வழியில்லை என்றானதும், வழக்கமான ஆணையையே எடுத்துக்கொள்ள முன்வந்தார். நாத்திகர் எடுக்கும் ஆணைக்குப் பொருளில்லை என்று சொல்லி அதையும் தடுத்தது மக்களவைதான். வெளியேற மறுத்த குற்றத்துக்காக, அந்த ஜூன் மாதத்தில் ஓர் இரவு அவரை நாடாளுமன்ற மணிக்கூண்டிலேயே அடைத்துவைத்தார்கள்.

1881 ஆகஸ்ட் 3 அன்று உள்ளே நுழைய முயன்றவரை அவை ஊழியர்களும் காவலர்களும் சூழ்ந்து பிடித்து, படிகள் வழியே இழுத்துச்சென்று முற்றத்தில் தள்ளியபோது, அவருடைய மேலங்கி கிழிந்திருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில், தம் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்துத் தாமே ஆணையை வாசித்துக் கையெழுத்தும் இட்டார்; அவை அவரைப் பதவிநீக்கம் செய்தது.

என்னை நெகிழச் செய்பவர்கள் நார்த்தாம்ப்டன் வாக்காளர்கள். காலணித் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊர், 1881, 1882, 1884 இடைத்தேர்தல்களிலும் 1885 பொதுத்தேர்தலிலும் சலிக்காமல் அவரையே தேர்ந்தெடுத்தது. அவருடைய நாத்திகம் அவர்களில் பலருக்கு உடன்பாடாக இருந்திருக்காது. ஆனால் தங்கள் பிரதிநிதி யார் என்பதை முடிவுசெய்யும் உரிமையை அவர்கள் அவைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பிரதமர் கிளாட்ஸ்டன் துணைநின்றும், ஆணைக்குப் பதிலாக உறுதி கூற அனுமதிக்கும் மசோதா 1883-இல் 289-க்கு 292 என மூன்றே வாக்குகளில் தோற்றது. 1886 ஜனவரியில் அவைத்தலைவர் பீல், குறுக்கீடு எதையும் ஏற்காமல் அவரை ஆணையெடுக்க விட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1888-இல், விரும்புவோர் உறுதி கூறலாம் என்னும் சட்டத்தைப் பிராட்லாவே முன்னின்று நிறைவேற்றினார்.

இந்தியாவுக்காக அவர் மக்களவையில் இடைவிடாது பேசியதும், 1889-இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்ததும், அவருடைய இறுதி ஊர்வலத்தில் மாணவராக இருந்த காந்தி கலந்துகொண்டதும் கட்டுரையில் இடம்பெறாதது பெருங்குறை. அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தை அவைக் குறிப்பிலிருந்து நீக்க 1891 ஜனவரி 27-இல் மக்களவை முடிவெடுத்தபோது அவர் மரணப்படுக்கையில் இருந்தார். மூன்றாம் நாள் காலமானார்.

கட்டுரையாளர் இத்தொடரை மேலும் எழுதுவாரானால், அந்த வாக்காளர்களுக்கும் சில பத்திகள் ஒதுக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.