வாஷர் தண்ணி வரவில்லையா? காரை முதல் நாள் இரவே கொண்டுவந்து விடுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குளிர் மைனஸ் 15-ஐத் தாண்டியதில் இருந்து எங்கள் ஸ்காபரோ கராஜுக்கு வருகிற அழைப்புகளில் பாதி ஒரே முறைப்பாடுதான். "தம்பி, 401 நெடுஞ்சாலையில வரேக்க முன்னால போன லொறி அடிச்ச உப்புத்தண்ணி கண்ணாடி முழுக்க வெள்ளையாப் படிஞ்சிட்டுது, வாஷரை அமத்தினா ஒண்டும் வரேல்லை." 100 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஓடுவது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் ஒரே தடவையில் எழுதுவது நல்லது என்று நினைத்தோம்.

நிறையப் பேர் கேட்பது, "எங்கட காரில நொசிலுக்கு ஹீட்டர் இருக்கு எண்டு சொல்லித்தானே வித்தவை, பிறகேன் உறையுது?" என்பது. பெரும்பாலான கார்களில் அந்த ஹீட்டர் சூடாக்குவது பொனட்டின் மேல் இருந்து தண்ணி பீச்சுகிற சின்ன நொசிலை மட்டும்தான். தண்ணித் தாங்கி, பம்ப், பொனட்டுக்கு அடியால் ஓடும் குழாய் எல்லாம் வெளியில் என்ன குளிரோ அதே குளிரில்தான் இருக்கின்றன. பழைய பென்ஸ் கார்கள் சிலவற்றில் எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் தாங்கிக்குள் சுற்றி வந்து தண்ணியைச் சூடாக்கும், ஆனால் அதுவும் எஞ்சின் சூடான பிறகுதான். அதனால் ஹீட்டரைத் தொடுவதற்கு முன்னால் நாங்கள் தாங்கியில் இருக்கும் தண்ணியைத்தான் பார்ப்போம். கொஞ்சம் போத்தலில் எடுத்து இரவு வெளியே வைத்துவிடுவோம், காலையில் பனிக்கட்டியாகியிருந்தால் ஹீட்டரில் பிழை தேடுவதற்கு முன்னால் அதை மாற்ற வேண்டும்.

கோடையில் ஊற்றிய பூச்சி கழுவும் தண்ணி பாதித் தாங்கிக்கு மிஞ்சியிருக்க, அதன் மேல் மைனஸ் 40 என்று எழுதியிருக்கும் நீலத் தண்ணியை ஊற்றினால் அது மைனஸ் 40 தாங்காது. அதில் உறையாமல் வைத்திருப்பது மெதனோல் என்ற அல்கஹோல், அதன் அளவு பாதியாகிவிடுகிறது. புதுத் தண்ணி ஊற்றின பிறகும் குழாய்க்குள் பழையதுதான் நிற்கும், ஆகவே நீல நிறம் கண்ணாடியில் விழும் வரை வாஷரை அடித்துவிடுங்கள். எஸ்யூவி, வான் வைத்திருப்பவர்கள் பின்கண்ணாடிக்கும் அதே மாதிரிச் செய்ய வேண்டும், அந்தக் குழாய் கார் நீளத்துக்கு ஓடுகிறது. இன்னொன்று, கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது அடித்தால் மெதனோல் ஆவியாகப் போய், மிஞ்சிய தண்ணி கண்ணாடியிலேயே உறையும். முதலில் கண்ணாடிக்குச் சூடு காற்று அடிக்கும் டிஃப்ரொஸ்டைப் போட்டுக் கண்ணாடியைச் சூடாக்குங்கள், அப்புறம் அடியுங்கள். மெதனோல் நஞ்சு, பழைய தண்ணியை எடுக்கிறோம் என்று யாரும் குழாயில் வாய் வைத்து இழுக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் கேனை வைக்கவும் வேண்டாம்.

இரண்டு மூன்று வினாடிக்குள் தண்ணி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உறைந்த பம்பை அமத்திக்கொண்டே இருந்தால் பியூஸ் போகும், சில நேரம் மோட்டரே எரிந்துபோகும். சுடுதண்ணி மட்டும் ஊற்றாதீர்கள். கண்ணாடியில் ஊற்றினால் வெடிக்கலாம், தாங்கியில் ஊற்றினால் இருந்த மெதனோலும் ஐதாகி அன்றிரவே முன்பைவிட மோசமாக உறையும்.

சரி, தண்ணி நல்லது, பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் நொசிலில் வரவில்லை என்றால் அப்போதுதான் ஹீட்டர். காரை முதல் நாள் இரவே விடச் சொல்வது இதனால்தான். பல கார்களில் வெளியே குளிர்ந்தால் மட்டும்தான் காரின் கம்ப்யூட்டர் நொசிலுக்கு மின்சாரம் அனுப்பும், சூடான கராஜுக்குள் ஏற்றி ஒரு மணி நேரம் நின்றால் பனியும் உருகிவிடும், மின்சாரமும் வராது, "பழுது ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்ப வேண்டி வரும். இரவு எங்கள் முற்றத்தில் குளிரில் நின்ற காரை விடிய அங்கேயே ஸ்டார்ட் பண்ணி, நொசிலுக்கு வயர் செருகும் கனெக்டரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் வருகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். மின்சாரம் வந்தும் நொசில் சூடாகவில்லை என்றால் நொசிலை மாற்ற வேண்டியதுதான். மின்சாரமே வரவில்லை என்றால் புது நொசில் வாங்குவது வீண் காசு. உப்பு ஏறிக் கனெக்டர் பச்சையாகியிருக்கலாம், பொனட்டைத் திறந்து மூடிப் பிணைச்சல் பக்கம் வயர் அறுந்திருக்கலாம். அல்லது முன் பம்பரில் இருக்கும் வெப்பநிலை சென்சர் பொய் சொல்லலாம். சின்ன விபத்துக்குப் பிறகு பம்பர் மாற்றிய கார்களில் அந்தச் சென்சரைத் திரும்பச் செருகாமலே விட்டிருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். வெளியே மைனஸ் 20, உங்கள் டாஷ்போர்டு பிளஸ் 8 காட்டுகிறது என்றால் அதை மறக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

டொயோட்டா வைத்திருக்கும் சிலர், கண்ணாடியின் அடியில் வைப்பர் படுக்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய கோடுகளை நொசில் ஹீட்டர் என்று நினைக்கிறார்கள். அது வைப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போட்டது, தண்ணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜெனரல் மோட்டர்ஸின் 2007 முதல் 2009 வரையான தாஹோ, யூகோன், சில்வராடோ, அக்காடியா, என்கிளேவ் போன்ற வண்டிகளை இன்னும் ஓடுபவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் தண்ணியையே சூடாக்கும் பெட்டி ஒன்று இருந்தது. ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும் என்று ஜெனரல் மோட்டர்ஸ் 2008-இல் திரும்ப அழைத்து பியூஸ் சேர்த்தது, அதுவும் போதாமல் 2010 ஜூனில் சுமார் 15 இலட்சம் வண்டிகளை அழைத்து அந்தப் பெட்டியையே செயலிழக்கச் செய்தது. "அந்தச் சூட்டை மட்டும் திரும்பப் பூட்டித் தாங்கோ" என்று சிலர் கேட்கிறார்கள். எவ்வளவு காசு தந்தாலும் அதை நாங்கள் செய்ய மாட்டோம். பழைய வண்டி வாங்கியவர்கள் பெட்டி இன்னும் இணைப்பில் இருக்கிறதா என்று ஒருக்கால் எங்களிடம் காட்டுங்கள், பார்ப்பதற்குக் காசு வாங்க மாட்டோம்.

மற்றப்படி சோதனைக்கு அரை மணி நேரக் கூலி, பழுதை எங்களிடமே திருத்தினால் அதைக் கழித்துவிடுவோம். மாலை 6 மணிக்கு முன் காரை விடுங்கள், பிந்தினால் திறப்பைக் கதவில் இருக்கும் பெட்டிக்குள் போடுங்கள். தாங்கியைக் காலியாக்கிக்கொண்டு வர வேண்டாம், இருக்கிற தண்ணியோடே கொண்டுவாருங்கள்.