தக்காளி உரத்தால் ஏற்பட்ட இழப்பும் தவறான ஆலோசனையும் குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் தக்காளிச் செடிக்கான சிறப்பு உரத்தை வாங்கி, தங்கள் அலுவலர்கள் சொன்னபடியே இட்டு, அதனால் என் மாடித்தோட்டம் முழுவதையும் இழந்து நிற்கும் நான், மின்னஞ்சல் அனுப்பும்போதெல்லாம் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதிலைப் படித்துச் சலித்துப்போய் இக்கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

தைப் பட்டத்தில் விதைத்த பி.கே.எம். 1 என்ற தக்காளி ரகச் செடிகள் அவை. செம்மண், தொழுவுரம், தென்னை நார்க்கழிவு கலந்து நிரப்பிய பைகளில் பூவெடுக்கும் வரை எந்தக் குறையுமின்றி வளர்ந்தன. தங்கள் உரப்பையின் முகப்பில் "இலை மஞ்சளாவதைத் தடுக்கும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததை நம்பி, லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்து ஊற்றி வந்தேன். சில வாரங்களில் அடியிலைகள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி வெளுத்திருந்தது. கொழுந்து நன்றாகவே இருந்தது. இதைப் படமெடுத்துத் தங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியபோது, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்றும் உர அளவை இரட்டிப்பாக்குமாறும் பதில் வந்தது.

தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுக்கும். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், அடியிலையில் தொடங்குவது மெக்னீசியக் குறைவு, கொழுந்தில் தொடங்குவது இரும்புச்சத்துக் குறைவு. இதை எனக்கு விளக்கியவர் வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். உரம் விற்கும் நிறுவனத்துக்கு இது தெரியாது என்று நான் எப்படி நம்புவது? பையின் பின்புறம் பொடி எழுத்தில் 13:0:45 என்று உள்ளது. அதாவது தழைச்சத்து 13, மணிச்சத்து 0, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 45 விழுக்காடு. மெக்னீசியம் அறவே இல்லை. சாம்பல்சத்து மிகுந்தால் வேர் மெக்னீசியத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் (கால்சியம்) எடுப்பது தடைபடும். தென்னை நார்க்கழிவில் ஏற்கெனவே சாம்பல்சத்து உண்டு. அந்த நிலையில் அளவை இரட்டிப்பாக்கச் சொன்னது நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுத்ததற்குச் சமம். பைகளின் மேல்மண்ணில் வெள்ளை உப்புப் படிந்தது, இலையோரம் கருகியது, பிடித்திருந்த காய்களும் சுண்ணாம்புச்சத்து எட்டாமல் அடிப்பக்கம் கறுத்து அழுகின.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். தங்கள் தொலைபேசிச் சேவையில் பேசிய ஒருவர் கேட்டதை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. "மொட்டை மாடியில நாலு செடிய வெச்சுக்கிட்டு இவ்வளவு சட்டம் பேசுறீங்களே, கடையில ஒரு கிலோ வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார். கடையில் வாங்குவதென்றால் தங்கள் உரத்தை எதற்கு ஐயா வாங்குகிறேன்? அவருக்கு முன்னர் பேசியவர் இலைச்சுருட்டு வைரஸ் என்றும் செடிகளைப் பிடுங்கி எறியுமாறும் சொன்னார். அந்நோயை வெள்ளை ஈக்கள் பரப்பும், இளம் இலைகள் மேல்நோக்கிச் சுருளும். என் செடியில் ஈயும் இல்லை, சுருளும் இல்லை. நான் அனுப்பிய படத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்கு முன்பே நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலையையும் உரப்பையையும் நேரில் கொண்டுவந்தால் தங்கள் பகுதி அலுவலகத்தில் பரிசோதிப்பார்கள் என்று கூறியதால், பங்குனி வெயிலில் ஸ்ரீரங்கத்திலிருந்து பேருந்து மாறிப் பால்பண்ணைப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்தது அலுவலகமன்று, கிடங்கு. "இங்க சரக்கு ஏத்தி இறக்குறதோட சரிங்க, டெஸ்ட்டெல்லாம் கெடையாது" என்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் சொல்லி, என் முகத்தைப் பார்த்துக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். தங்கள் நிறுவனத்தில் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவரே.

பெரியவர் சொன்னபடி உரத்தை நிறுத்தி, நல்ல தண்ணீர் விட்டு உப்பை வடித்து, மெக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளித்தேன். புதிதாக மஞ்சளாவது நின்றது. ஆனால் பூக்கள் கொட்டிவிட்டன, பட்டமும் போய்விட்டது. ஒரு குடும்பம் உண்ணவேண்டிய தக்காளியும் எனது நிம்மதியும் ஒருசேரப் போயின.

தாங்கள் நல்ல பெயர் பெற்ற நிறுவனம் என்பதால் இதைச் சுமுகமாகவே முடித்துக்கொள்ள விரும்புகிறேன். உரத்தின் விலையையும் ரூ. 25,000 இழப்பீட்டையும் வழங்குவதுடன், முகப்பில் உள்ள அந்த வாசகத்தை நீக்கி, எந்த மஞ்சளுக்கு இவ்வுரம் உதவாது என்பதையும் தமிழில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும், இத்தொகைக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதும் தங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். ரசீது, காலிப் பை, படங்கள், வாட்ஸ்அப் பதில்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன.

இது தொடர்பாக என்னைத் தொலைபேசியில் அழைப்பதானால், கடையில் ஒரு கிலோ வாங்கச் சொன்ன அந்த அலுவலரை மட்டும் அழைக்கவிட வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.