சொல்பேச்சு கேட்காத கெட்டிக்காரனைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். ராணுவத்தில் உனக்குக் கீழே இருக்கும் அந்த நாயக்கின் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழே இருப்பவன்) விஷயத்தைப் போனிலேயே பேசி முடித்திருக்கலாம். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், லைனும் விட்டு விட்டு வந்தது. சரி, நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குப் புரிந்தவரை, உன் ஆட்களிலேயே அவன்தான் கெட்டிக்காரன். மற்றவர்கள் கைவிட்ட ரேடியோ செட் அவன் கை பட்டால் பேசுகிறது. உத்தரவு வரும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று நீ சொன்ன இரவில், தன் பாட்டுக்கு இருட்டில் போய் அறுந்த லைனைச் சேர்த்துவிட்டு வந்தான். லைன் வந்துவிட்டதால் எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். இப்போது இன்னும் இரண்டு பையன்கள் அவனைப் பார்த்துக் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்குச் சார்ஜ் போட்டு அனுப்பிவிடவா, கண்டுகொள்ளாமல் விடவா என்று கேட்டாய். இரண்டும் வேண்டாம்மா.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் தனக்குக் கீழே இருந்த பேட்டனை வைத்து எப்படி வேலை வாங்கினார் என்பதை நான் சர்வீஸில் இருந்த காலத்திலிருந்தே யோசித்து வருகிறேன். பேட்டன் ஜெனரல்தான், நாயக் இல்லை. ஆனாலும் இன்னொருவர் உத்தரவுக்குக் கீழே இருந்தவர்.

1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கியபோது பேட்டனின் ஏழாவது படைக்குக் கொடுத்த வேலை, பிரிட்டிஷ் ஜெனரல் மான்ட்கோமரியின் படைக்குப் பக்கத்தில் காவலாக வருவது. அவருக்கு அது பிடிக்கவில்லை. மேற்கே பாலெர்மோ நகரத்தை நோக்கிப் பாய்ந்தார். அவரைக் கட்டுப்படுத்தும் உத்தரவு மேலிருந்து வந்தபோது, செய்தி சிதைந்து வந்திருக்கிறது என்று சொல்லி அவருக்குக் கீழே இருந்த ஸ்டாஃப் தலைவர் அதைத் தாமதப்படுத்தினார். ஜூலை 22-ல் பாலெர்மோ விழுந்தது. ஜெயித்துவிட்டதால் யாரும் தோண்டித் துருவவில்லை. உன் நாயக்கின் லைனும் அப்படித்தான். லைன் சரியானது தெரிகிறது. திரும்பி வரும்போது காவலுக்கு நின்ற உன் சென்ட்ரி அவனை எதிரி என்று நினைத்துச் சுடாமல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதமே பேட்டன் இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு சிப்பாய்களை அறைந்தார். ஆகஸ்ட் 3-ல் ஒருவன், 10-ல் இன்னொருவன். உடம்பில் காயம் இல்லாமல் படுத்திருந்ததால் கோழைகள் என்று திட்டினார். முதலாமவனுக்கு மலேரியாவும் சீதபேதியும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டாமவன் தன் பேட்டரியை, அதாவது தன் பீரங்கிப் பிரிவை, விட்டுப் போக மாட்டேன் என்று கெஞ்சி, டாக்டர் உத்தரவால் வந்தவன். அவன் முன்னால் பேட்டன் கைத்துப்பாக்கியையே உருவினார். டாக்டர்கள் எழுதிய அறிக்கை, பேட்டனுக்குக் கீழே இருந்த ஜெனரல் பிராட்லியிடம் போனது. அவர் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். பிராட்லி மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒரு காரியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கீழே இருப்பவன் அடி வாங்கியதாக எழுத்தில் வந்த புகாரை ஒரு அதிகாரி பூட்டி வைக்கலாமா? டாக்டர்கள் விடவில்லை. மருத்துவப் பிரிவு வழியாகவே ஐசன்ஹோவர் வரை கொண்டுபோனார்கள்.

ஐசன்ஹோவருக்கு இக்கட்டான நிலை. பேட்டன் அவருடைய பழைய நண்பர், சர்வீஸில் மூத்தவர், எதிரியைத் துரத்துவதில் அவருக்கு இணையாக வேறு ஆள் கையில் இல்லை. ஆகஸ்ட் 17-ல் பேட்டன் சிசிலியின் மெசினா நகரத்துக்குள் நுழைந்தார். அதே தேதியிட்டு ஐசன்ஹோவர் அவருக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். இனி உங்களால் பயன் உண்டா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்ற அளவுக்குக் கடுமையான கடிதம். அதைப் பேட்டனின் அதிகாரபூர்வக் கோப்பில் சேர்க்கவில்லை. ஆனால் அறை வாங்கிய இரண்டு பேரிடமும், அங்கே நின்று பார்த்த டாக்டர்கள், நர்ஸ்களிடமும் மன்னிப்புக் கேட்க வைத்தார். பேட்டன் டிவிஷன் டிவிஷனாகப் போய் சிப்பாய்கள் முன்னால் நின்று பேசினார். திட்டியது தனியாக, பரிகாரம் எல்லோர் முன்னாலும். இந்த முறையைத்தான் நீ கவனிக்க வேண்டும் என்கிறேன்.

அதன்பின் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பேட்டனுக்குப் போர்க்களத்தில் வேலை இல்லை. ஆனால் சும்மாவும் வைக்கவில்லை. பிரான்ஸ் மேல் நடக்கப்போகும் படையெடுப்பைப் பேட்டன்தான் நடத்துவார் என்று ஜெர்மானியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி, இல்லாத ஒரு படைத்தொகுதிக்கு அவரைத் தலைவராகக் காட்டி இங்கிலாந்தில் நிறுத்தினார்கள். எதிரி பிரெஞ்சுக் கரையில் கலே பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான், நேச நாட்டுப் படைகள் இறங்கியது அதே கரையின் நார்மண்டியில்.

1943 டிசம்பரிலேயே ஐசன்ஹோவர் அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலுக்கு எழுதிவிட்டார்: பேட்டனை ஒரு படைக்கு மேல் எப்போதும் உயர்த்த மாட்டேன், நிதானமான ஒருவருக்குக் கீழே வைத்தால் அருமையாக வேலை செய்வார் என்று. சொன்னபடியே 1944 ஆகஸ்டில் மூன்றாவது படையோடு களத்தில் இறக்கி, சிசிலியில் பேட்டனுக்குக் கீழே இருந்த அதே பிராட்லியை அவருக்கு மேலே வைத்தார். அந்த டிசம்பரில் ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் திடீரென்று பாய்ந்தபோது, 19-ம் தேதி பிரான்ஸின் வெர்டனில் தளபதிகள் கூட்டம். எப்போது தாக்க முடியும் என்று கேட்டதற்குப் பேட்டன் சொன்னார்: 22 காலை, மூன்று டிவிஷன்களோடு. அங்கிருந்தவர்கள் நம்பவில்லை. ஆனால் அவர் திட்டங்களைத் தயார் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். 26-ல் அவருடைய டாங்கிகள், அமெரிக்கச் சிப்பாய்கள் முற்றுகையில் சிக்கியிருந்த பாஸ்டோன் ஊரை எட்டின. துரத்திவிட்டிருந்தால் அன்றைக்கு யார் போயிருப்பார்கள்?

ஆனால் இதைப் பார்த்து அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதே. 1945 மார்ச் கடைசியில் எதிரியின் எல்லைக்குள் வெகு தூரம், ஹாமல்பர்க் கைதிகள் முகாமுக்குச் சுமார் 300 பேரை அனுப்பினார். முகாமில் அவருடைய மருமகன் இருந்தார். அவர் அங்கே இருப்பதே தெரியாது என்று பேட்டன் பின்னால் சொன்னார், நான் நம்பவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். இப்படிப்பட்டவனை ஒரு தரம் சரிசெய்துவிட்டோம் என்று கண்ணை எடுக்க முடியாதும்மா. வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் கடைசி நாள்வரை கவனிக்கும் வேலையும் உன்னுடையதுதான்.

அதனால் நீ இப்படிச் செய். முதலில் அவனைத் தனியாகக் கூப்பிடு. லைனைச் சரிசெய்ததற்கு நன்றி சொல்லாதே, இப்போது வேண்டாம். அன்று டியூட்டியில் இருந்த சென்ட்ரி யார் என்று கேள். அந்தப் பையன் சுட்டிருந்தால் ஆயுசுக்கும் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருப்பான். அப்புறம் செக்‌ஷன் முழுக்க இருக்கும்போது அந்த சென்ட்ரியிடமும், அவனை உள்ளேயே இருக்கச் சொன்ன ஹவில்தாரிடமும் அவனே மன்னிப்புக் கேட்கட்டும். அந்த இரண்டு பையன்களும் அங்கே இருக்க வேண்டும்.

அது முடிந்த பிறகு லைன் வேலையை முறைப்படி அவன் பொறுப்பில் கொடு. கூட ஒரு ஆள், போகும்முன் பாஸ்வேர்டு, சென்ட்ரிக்குத் தகவல், உன் அனுமதி. வரும் பிரமோஷனுக்கு அவன் பெயரை மட்டும் இப்போது எழுதாதே. கேட்டால் காரணத்தை முகத்துக்கு நேராகச் சொல். உன் சுபேதார் சாப் என்ன நினைக்கிறார் என்றும் கேள். அவன் எப்போது சூடாவான் என்று அவருக்கு உன்னைவிட முன்னாலேயே தெரியும்.

பேசிவிட்டு, அவன் என்ன பதில் சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
அப்பா