வேண்டுமென்றே செய்பவன்

அருவங்காடு

அன்புள்ள வசந்தா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் நலம். குளோரி டீச்சரின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை யாரென்று சொன்னால் நம்பமாட்டாய், நேரில் சொல்கிறேன்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. என்னிடம் வேதியியல் படித்த பையன் ஒருவன் மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறான். லீவில் வந்தபோது 2022இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போனான். படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

அமெரிக்காவில் ஒரு சிறிய மருந்தாய்வு நிறுவனம். புதுப்புது மருந்து மூலக்கூறுகளை உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு அவர்களிடம் இருக்கிறது. நச்சுத்தன்மை கூடினால் மதிப்பெண் குறையும்படி அதை அமைத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்துக் கருத்தரங்கு ஒன்றுக்காக அதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள்: நச்சு கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும். அவ்வளவுதான். ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகள்! விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சும் அவற்றில் ஒன்று. கற்பித்த தரவுகளில் அது இல்லவே இல்லையாம்.

திரையில் வருவது வேறு, குடுவையில் செய்வது வேறு என்பாய். உண்மைதான். ஆனால் செய்யத் துணிந்தவர்கள் இருந்தார்களே! 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நஞ்சைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் கூட்டத்தில் வேதியியல் படித்தவர்களே இருந்தார்கள். அவசரத்தில் செய்த சாரின் தூய்மையாக இல்லை. இல்லாவிட்டால் சாவு இன்னும் எவ்வளவோ கூடியிருக்கும். பக்கத்தில் இருந்து பிழை திருத்தித் தரும் இயந்திரம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தால்?

இயந்திரம் தானாகக் கெட்டுவிடுமா என்றுதான் நம் சம்பத் உட்பட எல்லாரும் வாதாடுகிறார்கள். கெடுக்கவென்றே ஒருவன் உட்கார்ந்தால் என்ன செய்வது? 2023இல் ஒருவர் கேயாஸ்ஜிபிடி என்று, தானே திட்டமிட்டு இயங்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை அமைத்து, மனித குலத்தை அழி என்று ஏவிவிட்டார். அது பெரிய அணுகுண்டு எது என்று இணையத்தில் தேடியது, ட்விட்டரில் வசனம் பேசியது, அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. நீயும் சிரித்தாய். வசந்தா, அதற்குத் திறமை போதவில்லை, அதனால் பிழைத்தோம். ஏவுகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

அப்பா வேலை பார்த்த கார்டைட் தொழிற்சாலையை நினைத்துக்கொள்கிறேன். தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகக்கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் படி இறங்குவார். வெடிமருந்தைத் திருடுகிறவன் அதைச் சுமந்துகொண்டு அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டும். இந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை எல்லாருக்கும் திறந்து வெளியிட்டுவிட்டால் எந்தக் கேட்டில் மறிப்பது? யாரும் இறக்கிக்கொள்ளலாம். மெட்டா நிறுவனம் அப்படி வெளியிட்ட லாமா 2 மாதிரிக்கு, தீங்கானதைக் கேட்டால் மறுக்கும்படி கொடுத்திருந்த பாதுகாப்புப் பயிற்சியை ஆய்வாளர்கள் 200 டாலருக்கும் குறைந்த செலவில் கழற்றிக் காட்டியிருக்கிறார்கள். பூட்டும் சாவியும் சேர்ந்தே போகின்றன. திரும்பப் பெறவும் வழி கிடையாது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

உன் மகன் பெங்களூரில் இந்த வேலையில்தானே இருக்கிறான்? அவனிடம் கேட்டு எழுது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் என்னவெல்லாம் செய்வான் என்று, வெளியிடுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க அவர்களிடம் ஆள் உண்டா? வெளியிடாதீர்கள் என்று அந்த ஆள் சொன்னால் நிறுத்துவார்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் விடாதே.

அன்புடன்,
தமயந்தி