ஐசோடோப்புகளுக்கு வேதிப்பண்பு ஒன்றேதான் என்று இன்னும் எத்தனை பதிப்பில் எழுதப்போகிறீர்கள்?

வேதியியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) எல்லாம் ஒரே வேதிப்பண்பு உடையவை என்று அணு அமைப்புப் பாடத்தில் எழுதுகிறீர்கள். அப்புறம் ஹைட்ரஜன் பாடத்துக்கு வந்ததும், நீரை மின்னாற்பகுத்துக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் நீரில் டியூட்டிரியம் (ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) சேர்ந்துகொண்டே வரும், கனநீர் அப்படித்தான் கிடைக்கிறது என்கிறீர்கள். பண்பு அச்சு அசலாக ஒன்றுதான் என்றால் சாதா ஹைட்ரஜன் மட்டும் ஏன் முந்திக்கொண்டு போகிறது? இதை ஒரு மாணவர் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

இந்தக் கேள்வியோடேயே வாழ்ந்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஜேக்கப் பிகலைசன். 1919-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர், 1943-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மன்ஹாட்டன் திட்ட (அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டம்) வேலைக்காகக் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அங்கே இருந்தவர் ஹரால்ட் யூரி, டியூட்டிரியத்தைக் கண்டுபிடித்து 1934-இல் நோபல் பெற்றவர். யுரேனியம் ஐசோடோப்புகளை ஒளியால் பிரிக்க முடியுமா என்று பார்த்தார்கள், அது கைகூடவில்லை. ஆனால் அதற்காக மரியா மேயரோடு (பின்னாளில் அணுக்கரு ஆய்வுக்காக நோபல் பெற்ற அதே மேயர்தான்) சேர்ந்து போட்ட கணக்கு வீண்போகவில்லை. போர் முடிந்தபின் 1947-இல் கட்டுரையாக வந்து இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

விஷயம் இதுதான். எவ்வளவு குளிர்ந்தாலும் பிணைப்பில் கொஞ்சம் அதிர்வு மிச்சம் இருக்கும். அணுவின் எடை கூடினால் அந்த மிச்ச ஆற்றல் குறையும், பிணைப்பை உடைக்க அந்த அளவுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். இதைச் சமநிலை மாறிலியாக (வினை எந்த அளவில் நின்று சமநிலை அடையும் என்று சொல்லும் எண்) கணக்கிட மூலக்கூறின் சுழற்சி, வடிவம் என்று எல்லாமே வேண்டும்போலத் தோன்றும். பிகலைசனும் மேயரும் அவையெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், அதிர்வெண்கள் மட்டும் தெரிந்தால் போதும் என்று காட்டினார்கள். என்னைக் கேட்டால் இயற்பிய வேதியியலின் மிக அழகான சுருக்கங்களில் இது ஒன்று. பிறகு பிகலைசன் வினைவேகத்துக்கும் இதை நீட்டித்தார், ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருபது ஆண்டு இதே துறையில் உழைத்தார், 2010-இல் காலமானார்.

கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு உடையும் வினையில் டியூட்டிரியத்தை வைத்தால் அறை வெப்பநிலையில் வேகம் ஏழு மடங்கு வரைகூடக் குறையலாம். மருந்தை உடல் மெதுவாகச் சிதைக்கட்டும் என்று இதையே பயன்படுத்தி, 2017-இல் டியூடெட்ராபெனசின் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிப்பி ஓடுகளில் உள்ள ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பு) அளவை வைத்துப் பழங்காலக் கடலின் வெப்பநிலையைக் கணிப்பதும் இதே தத்துவம்தான், அதைத் தொடங்கிவைத்தவரும் யூரிதான்.

பக்கம் பக்கமாகக் கேட்கவில்லை. "பெரும்பாலும் ஒத்த வேதிப்பண்பு உடையவை, எடை வேறுபாட்டால் வினைவேகமும் சமநிலையும் சற்று மாறும், ஹைட்ரஜனில் இது நன்றாகவே தெரியும்" என்று அந்த வரியைத் திருத்துங்கள். பயிற்சிப் பகுதியில் மின்னாற்பகுப்புக் கேள்வியையும் சேர்த்துவிடுங்கள், விடையை மாணவர்களே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
வேதியியல் படித்த ஒரு வாசகர்