கெர்னல் கமெண்ட்டுக்கும் மதிப்பெண் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காட்பாடியில் பொறியியல் மாணவர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். செய்முறைத் தேர்வில் புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்கும் நாங்கள், அதிலுள்ள கமெண்ட் (படிப்பவருக்காக எழுதும் விளக்கக் குறிப்பு) சரிதானா என்று பார்ப்பதில்லை. லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில், மெமரி ஒதுக்கும் இடத்தில் இந்த அலட்சியம் கணினியையே முடக்கிவிடும்.

இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுதிய டிரைவரில் (ஒரு கருவியைக் கெர்னல் இயக்க உதவும் புரோகிராம்), ஒரு ஃபங்ஷனுக்கு மேலே ‘மெமரியை ஒதுக்குகிறது’ என்று மட்டும் கமெண்ட் இருந்தது. கீழே, கெர்னலில் மெமரி கேட்கும் கே-மல்லாக் இருப்பதைப் பார்த்தாலே அது விளங்கிவிடும். அவருடன் சேர்ந்து புராஜெக்ட் செய்தவர் அதை நம்பி, இன்டரப்ட்டை, அதாவது கருவி உடனடிக் கவனம் கேட்டு அனுப்பும் சமிக்ஞையை, கையாளும் பகுதியிலிருந்து அந்த ஃபங்ஷனை அழைத்துவிட்டார். உள்ளே கொடுத்திருந்ததோ மெமரியை எப்படி ஒதுக்கலாம் என்று சொல்லும் ஃபிளாக்குகளில் ஜிஎஃப்பி_கெர்னல் என்பது. அப்படிக் கேட்டால், மெமரி போதாத நேரத்தில், வேறு மெமரிப் பக்கங்கள் விடுபடும் வரை, அழைத்த புரோகிராமைக் கெர்னல் தூங்க (காத்திருக்க) வைக்கக்கூடும். இன்டரப்ட்டிலோ தூங்கவே கூடாது, அங்கே ஜிஎஃப்பி_அட்டாமிக் கொடுக்க வேண்டும். மெமரி தாராளமாக இருந்த வரை ஆய்வகத்தில் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. அது நிரம்பிய ஒரு பிற்பகலில் கணினி உறைந்து நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. ‘இது தூங்கக்கூடும், இன்டரப்ட்டிலிருந்து அழைக்கக் கூடாது, மெமரி கிடைக்காவிட்டால் நல் (வெற்று முகவரி) திரும்பும், விடுவிப்பது அழைத்தவர் பொறுப்பு’ என்று எழுதியிருந்தால் அந்த மூன்று நாளும் மிச்சம்.

சரியாக எழுதிய கமெண்ட்டும் பழசாகும். இரண்டின் அடுக்காக உள்ள அளவில் கே-மல்லாக்கிடம் கேட்டால், அந்த அளவால் மீதமின்றி வகுபடும் முகவரி கிடைக்கும் என்ற உறுதி 2019இல் வந்த 5.4 பதிப்பில்தான் சேர்ந்தது; 2024இல் 6.8 பதிப்பில் மெமரி ஒதுக்கும் முறைகளில் பழைய ஸ்லாப் நீக்கப்பட்டு ஸ்லப் மட்டும் நிற்கிறது. அதே 2019இல் நம் வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை நிலத்துக்குப் பழைய மாவட்டப் பெயரில் மனு எழுதினால், மனுவைப் பெறும் அலுவலர் திருத்தச் சொல்வார். ஆனால் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கமெண்ட்டைப் படிப்பதே இல்லை; அது பழசானாலும் திருத்தச் சொல்லாது.

ஆகவே, நம் பகுதிக் கல்லூரிகள் செய்முறைத் தேர்வில் கமெண்ட்டுக்கென்று தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டுகிறேன். கமெண்ட்டை மட்டும் மாற்றும் பேட்ச்களையும் (அனுப்பப்படும் திருத்தங்களையும்) லினக்ஸ் கெர்னலில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால், மூன்றாமாண்டு மாணவர்கூட அங்கிருந்து தொடங்கலாம். கமெண்ட் விளக்கும் ஃபங்ஷனை அழைக்கும் இடங்கள் அனைத்தையும் படித்துப் பார்த்த பிறகு தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி.