டாக் இறந்ததை அட்டையில் போடுங்கள்

ஹாஸ்ப்ரோ நிறுவனத்தில் ஜி.ஐ. ஜோ பொம்மைகளைத் திட்டமிடுகிறவர்களுக்கும், அவற்றின் அட்டைக்கு வாசகம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பொம்மைகளைச் சேர்க்கிறவர்களுக்குள் ஒரு தீராத சண்டை உண்டு. ஜி.ஐ. ஜோ காமிக்ஸில் செத்துப்போன டாக் போன்ற ஆளை மறுபடி பொம்மையாக விற்கலாமா? கூடாது என்கிறது ஒரு கூட்டம். செத்தவனைத் திரும்பத் திரும்பக் கடையில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்தச் சாவுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறது. அட போங்கப்பா, அது பிளாஸ்டிக் என்கிறது இன்னொரு கூட்டம். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. பொம்மையைத் தாராளமாக விற்றுக்கொண்டே இருங்கள். சாவை மட்டும் மறைக்காதீர்கள். அதைச் சொல்ல உங்களிடம் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது: அட்டையின் பின்பக்கம் கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி அச்சடிக்கிறீர்களே, அந்த விவரக் குறிப்பு.

காமிக்ஸ் என்பது பொம்மைக்கான விளம்பரம்தானே, அதில் நடந்ததற்கெல்லாம் நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். விளம்பரம்தான், மறுக்கவில்லை. 1982-ல் மூன்றே முக்கால் அங்குல ஜோ சிப்பாய்ப் பொம்மைகள் வந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பொம்மை விளம்பரத்துக்குள் எவ்வளவு கார்ட்டூன் காட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. காமிக்ஸ் விளம்பரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் மார்வெல் வெளியிட்ட காமிக்ஸுக்கு நீங்கள் டிவியில் விளம்பரம் கொடுத்தீர்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் அந்தக் காமிக்ஸை லாரி ஹாமாவிடம் கொடுத்ததோடு கதை மாறிவிட்டது. மார்வெலின் 155 இதழ்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அவர். அட்டைகளின் விவரக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. பிறந்த ஊர், பதவி, சிறப்புப் பயிற்சி, குணம் என்று அட்டையில் ஒருவனுக்கு உயிர் கொடுத்த அதே கைதான் காமிக்ஸில் அவனைக் கொன்றது. அப்படியிருக்க அட்டையும் காமிக்ஸும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று நீங்கள் சொல்ல முடியாது.

109-ஆம் இதழையே எடுத்துக்கொள்வோம். 1991. ஜோ படையின் மருத்துவர் டாக், தண்டர், ஹெவி மெட்டல், கிராங்க்கேஸ், பிரேக்கர், குயிக் கிக், கிரேஸிலெக்ஸ் ஆகிய ஏழு பேரின் கதை அதோடு முடிந்தது. முதல் நால்வரும் கைதிகள். அவர்களைச் சுட்டுத்தள்ளியது எதிரிப் படையான கோப்ராவின் எந்திரத் துப்பாக்கிச் சிப்பாய், ஸா வைப்பர் ஒருவன். மற்ற மூவரும் எதிரியின் டாங்கைத் தட்டிக்கொண்டு தப்பி ஓடுகையில் செத்தார்கள். கடைசி நேரத்தில் யாரும் வந்து காப்பாற்றவில்லை. வீரமாக ஒரு வசனம் பேசக்கூட நேரமில்லை. பொம்மை விற்கப் பிறந்த ஒரு காமிக்ஸில் போர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ துணிந்து எழுதியிருக்கிறார்.

இதில் எனக்கு ஆறாதது டாக்கின் சாவு. 1983-ல் வந்த டாக் பொம்மையோடு என்னென்ன வந்தன என்று நினைவிருக்கிறதா? ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு ஹெல்மெட், ஒரு கண்ணாடி, வானத்தில் வெளிச்சம் விட ஒரு ஃபிளேர் கருவி. துப்பாக்கி கிடையாது. பொம்மைச் சிப்பாய் என்றாலே கையில் துப்பாக்கி என்றிருந்த காலத்தில் ஒருவனுக்கு ஸ்ட்ரெச்சரைக் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த ஆளைத்தான் நிராயுதபாணியாகச் சுட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செத்த ஏழு பேரும் 1982-க்கும் 1987-க்கும் இடையில் வந்தவர்கள். சுட்ட ஸா வைப்பரோ 1990-ல் வந்த புதுப் பொம்மை. கடைத் தட்டின் கணக்கு கதைக்குள் கொஞ்சமாவது எட்டிப் பார்த்திருக்கும் என்று யாராவது சந்தேகப்பட்டால் நான் அவரோடு வாதிட மாட்டேன். கோப்ராவின் தலைவன் கோப்ரா கமாண்டர் விஷயத்திலும் இந்த வாடை உண்டு. 1987-ல் கவசம் போட்ட கோப்ரா கமாண்டர் பொம்மை வந்தது. அதே வருஷம் 61-ஆம் இதழில் நிஜக் கமாண்டர் சுடப்பட்டார், கவசத்துக்குள் ஒரு போலி புகுந்துகொண்டான். புதுப் பொம்மையின் சட்டைக்கு ஒரு கொலையே காரணமாகிவிட்டது! பிறகு 98-ஆம் இதழில் நிஜ ஆள் சாகவே இல்லை என்று திரும்பி வந்தார். இந்த மாதிரி சாவுகளுக்கு மரியாதை செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

தட்டைக் காலி செய்வதற்காகவே கொன்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். 1986-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில், புதுப் பொம்மைகளுக்கு வழிவிட நாயகன் ஆப்டிமஸ் பிரைமைச் சாகடித்தீர்கள். தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள், பெற்றோர் கோபப்பட்டார்கள். அதன் விளைவு ஜி.ஐ. ஜோ படத்தில் தெரிந்தது. கோப்ராவின் செர்பென்டர் எறிந்த பாம்பு ஈட்டி ஜோ வீரன் டியூக்கின் மேல் பாய்கிறது, பார்த்தால் ஆள் போய்விட்டான் என்றுதான் தெரிகிறது, ஆனால் கோமாவில் இருக்கிறான் என்று ஒரு குரலை மேலே ஒட்டிவிட்டீர்கள். காமிக்ஸில் ஆப்டிமஸ் செத்த விதம் இன்னும் வேடிக்கை. வீடியோ கேமில் அப்பாவிகளைச் சாகவிட்டு ஜெயித்தது தோல்விதான் என்று சொல்லித் தன்னையே வெடிக்க வைத்துக்கொண்டார். 1988-ல் அவருடைய புது பவர்மாஸ்டர் பொம்மை வரும் நேரத்தில் சரியாக உயிர்த்தெழுந்தும்விட்டார். வியாபாரத்துக்காகச் செத்தவன் வியாபாரத்துக்காகவே திரும்பி வருகிறான். சரி, அது ஒரு கணக்கு. ஆனால் டாக்கின் சாவையும் இதையும் ஒரே கட்டாகக் கட்டிவிடக் கூடாது.

ஒரு சாவுக்கு எப்படி மரியாதை செய்வது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்களே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறீர்கள். ஜி.ஐ. ஜோ காமிக்ஸின் 19-ஆம் இதழில் ஜோக்களின் தளபதி ஜெனரல் ஃபிளாக் செத்தார். கோப்ரா பக்கத்து மேஜர் பிளட் அவரைச் சுட்டான். 1985-ல் நீங்கள் விட்ட ஏழரை அடி நீள விமானந்தாங்கிக் கப்பலின் பெயர் யு.எஸ்.எஸ். ஃபிளாக். வீட்டுக் கூடத்தையே அடைத்துக்கொள்ளும் அந்தப் பொம்மை ஒரு காமிக்ஸ் சாவின் பெயரைத் தாங்கிக்கொண்டு வந்தது. விற்பனை கெட்டுப்போனதா? இன்றைக்கும் சேர்க்கிறவர்கள் ஏங்கும் பொம்மை அது. செத்தவரின் பெயர் பொம்மையில் இருந்ததால் எந்தக் குழந்தைக்கும் விளையாட்டு நின்றுவிடவில்லை.

அட்டை என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் உங்கள் ஜோக்களைத் தயாரித்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல். எங்களுக்குப் பொம்மை வந்தது, மார்வெல் காமிக்ஸ் கூடவே வரவில்லை. எங்கோ பழைய புத்தகக் கடையில் முன்னும் பின்னும் இல்லாமல் ஓர் இதழ் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே இவன் யார், எந்த ஊர்க்காரன், என்ன வேலை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது அட்டையிலிருந்துதான். அது சொன்னதுதான் எங்களுக்குக் கதை. அது சொல்லாமல் விட்டது நடக்கவே இல்லை. 109-ஆம் இதழைப் பற்றி நான் கேள்விப்பட்டது மீசை முளைத்து ரொம்ப காலத்துக்குப் பிறகு. இன்றைக்கும் உலகத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பொம்மை இப்படித்தான் கதை இல்லாமல் போய்ச் சேர்கிறது.

2020-ல் கிளாஸிஃபைட் என்ற புதுப் பொம்மை வரிசையை ஆரம்பித்தீர்கள். ஸ்னேக் ஐஸ் முதல் ஆட்களில் ஒருவர். 2015-லேயே ஹாமாவின் காமிக்ஸில் அவர் செத்துவிட்டார். அதனால் என்ன, ஸ்னேக் ஐஸ் இல்லாமல் ஜி.ஐ. ஜோ கடை போட முடியுமா? அப்புறம் 109-இல் செத்த பிரேக்கர் தன் மோட்டார் சைக்கிளோடு வந்தார். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆரம்பத்துப் பெட்டிகளில் பழைய விவரக் குறிப்பு இல்லை என்று ரசிகர்கள் முனகினார்கள், பழைய பாணி அட்டைகளில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். ஆக, இடம் தயார். எழுத வேண்டியது ஒரு வரி.

எந்தக் காமிக்ஸைக் கணக்கில் எடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஏனென்றால் பல பதிப்பகங்கள் பல உலகங்களை உண்டாக்கிவிட்டன. மார்வெலில் தொடங்கி, ஐ.டி.டபிள்யூ. வழியாக 300 வரை போய், இப்போது ஸ்கைபவுண்டில் 301-லிருந்து ஓடுகிற ஹாமாவின் ஒரே எண்வரிசை போதும். மற்றவற்றை விட்டுவிடலாம். அந்த வரிசையிலும் திரும்பி வந்தவர்களை விட்டுவிடுங்கள். செத்து, பல வருஷம் ஆகியும் திரும்பாதவர்களுக்கு மட்டும் குறிப்பின் அடியில் சிறிய எழுத்தில் இதழ் எண்ணும் இடமும் போதும். டாக்குக்கு என்றால் ‘ட்ரூஷியல் அபிஸ்மியாவில் கொல்லப்பட்டார், இதழ் 109’. படிக்க விரும்பாத பிள்ளை அதைப் படிக்கப்போவதில்லை. படிக்கிற பிள்ளை அந்த இதழைத் தேடிப் போகும், அதில் உங்களுக்கும் நஷ்டமில்லை.

கூட ஒரு சின்ன விண்ணப்பம். டாக்கை அடுத்து எப்போது வெளியிட்டாலும் கையில் துப்பாக்கியைத் திணித்துவிடாதீர்கள். ஸ்ட்ரெச்சர் கட்டாயம் வேண்டும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ஜோ பொம்மைக்காரன்